75 சென்ட் இடித்த கணக்கு: உண்மையான ஹேக்கர் கதைகள் நம்மை ஏன் பிடித்துவைக்கின்றன?

பனையோலை எழுதியது:

கிளிஃபோர்ட் ஸ்டோல் ஒரு ஹேக்கரைத் தேடிய தன் அனுபவத்தை எழுதிய நூலைச் சென்ற வாரம் மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். அதில் வரும் கணினிகளில் ஒன்றுகூட இன்று பயன்பாட்டில் இல்லை. தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி இணைந்த வலையமைப்புகள் மறைந்துவிட்டன. திருடிய தகவலை விலைகொடுத்து வாங்கிய சோவியத் ஒன்றியமும் இல்லை. முடிவு என்னவென்பதும் எனக்கு முன்பே தெரியும். இருந்தும் இரவு ஒரு மணிவரை நூலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்ததை இங்கே எழுதுகிறேன். உடன்படாதவர்கள் தயங்காமல் மறுக்க வேண்டும்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டோல் ஒரு வானியலாளர். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் தொலைநோக்கி வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தவர், அதற்கான நிதி தீர்ந்துபோனதால் அதே ஆய்வகத்தின் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு ஆய்வாளர்களிடம் கட்டணம் வசூலித்த காலம் அது. 1986 ஆகஸ்டில், இரண்டு கணக்கு நிரல்கள் காட்டிய தொகைகளுக்கிடையே 75 சென்ட் இடித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு புதிதாக வந்த இவரிடம் தரப்பட்டது. பெரிய தொகை இடித்தால் காரணம் மேலாகவே தென்பட்டுவிடும். சில்லறை இடித்தால்தான் காரணம் ஆழத்தில் இருக்கும் என்பது கணக்கு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும். தோண்டிப் பார்த்தபோது, கட்டணம் அனுப்ப முகவரியே இல்லாத ஒரு பயனர் கணக்கு அகப்பட்டது. யாரோ ஒருவர் சில விநாடிகள் கட்டணமில்லாமல் கணினியைப் பயன்படுத்தியிருந்தார். அந்த விநாடிகளின் விலைதான் 75 சென்ட்.

அங்கிருந்து ஓர் ஆண்டு நீண்ட தேடல் அது. ஆய்வகத்துக்குள் வரும் ஏறத்தாழ 50 இணைப்புகளில் ஊடுருவுபவர் எதன் வழியாக வருகிறார் என்று தெரியாததால், ஸ்டோல் ஒரு வார இறுதியில் அக்கம்பக்கத்து அறைகளிலிருந்து பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் இரவல் வாங்கி ஒவ்வோர் இணைப்பிலும் ஒன்றை மாட்டிவிட்டு, அவற்றின் நடுவே தரையில் படுத்துறங்கினார். விடிந்தபோது ஒரு பிரிண்டரிலிருந்து நீளமான தாள் தொங்கியது. ஊடுருவியவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அதில் இருந்தது.

என் கருத்து இதுதான். இந்தக் கதையை இழுத்துச் செல்வது திறமையான திருடனோ நாடுகளுக்கிடையிலான உளவோ அல்ல. ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. ஒருவர் அதை விடமாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தாளை அவர் படிக்கும்போது நாமும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறோம்.

இதற்கு ஒரே ஓர் உதாரணம் தருகிறேன். ஊடுருவியவர், கணினியில் அந்நேரம் இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டுகிறார். அதில் ஓர் எழுத்து அதிகம். பெர்க்லியில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் அந்த எழுத்துக்கு வேலையில்லை. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸில் பழகிய விரல்கள்தாம் அதைத் தட்டும். ஆகவே இவர் உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர் அல்லர், வேறெங்கோ பழகியவர் என்று முடிவாகிறது. ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் திருநெல்வேலியா கோயம்புத்தூரா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுபோல ஒற்றை எழுத்து அவருடைய ஊரைக் காட்டிக்கொடுத்தது. கற்பனைக் கதையில் எழுத்தாளர் துப்பை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் பிறகு தானே எடுத்துக் காட்டுவார். இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை. ஒரு மனிதனின் பழக்கம் தானாகவே அங்கே கிடந்தது, இன்னொரு மனிதனின் கவனம் அதைக் கண்டது. உண்மைக் கதையின் ஈர்ப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

நள்ளிரவுப்பணி எழுதியது:

பனையோலை ஐயா, பதினான்கு ஆண்டுகளாகச் சர்வர்களைக் கவனிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விடாப்பிடி மட்டும் போதாது. கதை சொல்பவர் இயக்கத்தை நேர்மையாக விளக்க வேண்டும். எந்தக் கதவு எப்படித் திறந்திருந்தது என்று வாசகருக்குப் புரியாவிட்டால், ஹேக்கர் ஒரு மந்திரவாதி ஆகிவிடுவார். மந்திரவாதியிடம் நமக்குக் கவலையும் இல்லை, பதற்றமும் இல்லை. திரைப்படங்களில் விசைப்பலகையைப் படபடவென்று தட்டி, பச்சை எழுத்துகள் ஓடி, முப்பது விநாடியில் உள்ளே நுழைந்துவிடும் காட்சிகள் மனத்தில் தங்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

ஸ்டோலின் ஊடுருவி உள்ளே நுழைந்த விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈமேக்ஸ் என்ற, உரை எழுதப் பயன்படும் நிரலோடு மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் ஒரு சிறு துணைநிரல் வந்தது. பெர்க்லியில் அந்தத் துணைநிரலுக்குக் கணினியின் முழு அதிகாரமும் தரப்பட்டிருந்தது. ஆனால் எந்தக் கோப்பை எங்கே வைக்கிறோம் என்று அது சரிபார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானாகவே இயக்கும் ஒரு நிரல் இருந்தது. ஊடுருவியவர் அந்த நிரலின் இடத்தில் தன்னுடைய நிரலை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஸ்டோல் இதைக் குயில் வேற்றுக் கூட்டில் முட்டையிடுவதோடு ஒப்பிட்டார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். காக்கை குயிலின் முட்டையை அடைகாப்பதை நம் ஊர் வேப்பமரங்களிலேயே பார்த்திருக்கிறோம். கணினி அதைத் தன் நிரலென்றே நம்பி முழு அதிகாரத்தோடு இயக்கியது, ஊடுருவியவர் அரசரானார். இதைப் படித்த பிறகுதான் எனக்கு அச்சமே வந்தது, ஏனெனில் அந்தத் தவறு எந்த மனிதரும் செய்யக்கூடிய தவறு.

சின்ன இடறல் என்று நீங்கள் சொன்னதற்கு நம் காலத்திலேயே ஓர் இணை இருக்கிறது. 2024 மார்ச் மாதத்தில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழக்கத்தைவிட அதிக உழைப்பை எடுத்துக்கொண்டது. நுழைவதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ அரை விநாடி கூடியிருந்தது. அரை விநாடியை எத்தனை பேர் கவனிப்பார்கள்? கவனித்தாலும் எத்தனை பேர் அதைத் தொடர்ந்து போவார்கள்? அவர் தொடர்ந்து போனார். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், யாரோ ஒருவர் மறைவாகக் கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தது தெரியவந்தது. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பணிவோடு பங்களித்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டுப் பொறுப்பையே கையில் வாங்கிக்கொண்டவர் அதைச் செய்திருந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

1986இல் 75 சென்ட், 2024இல் அரை விநாடி. இரண்டிலும் கண்டுபிடித்தவர் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், விடியலுக்கு முன் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பழைய ஊழியரின் கணக்கிலிருந்து யாரோ நுழைந்ததாகப் பதிவேட்டில் ஒற்றை வரி இருந்தது. அந்த ஊழியர் விலகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டேன், தானியங்கி வேலை ஏதாவது இருக்கும் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஸ்டோலைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வருகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வங்கித் தணிக்கையில் இருபது ஆண்டுகள் கழித்தவன். தேடுபவரின் கதையாகவே நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். தேடுபவர் என்று ஒருவரும் இல்லாத, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கவைக்கும் கதை ஒன்றும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த கொள்ளையைச் சொல்கிறேன். அதில் நாயகன் கிடையாது. நாள்காட்டிதான் கதையை நடத்துகிறது.

பிப்ரவரி 4 வியாழக்கிழமை. டாக்காவில் அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. அந்த இரவில், வங்கிகள் பணம் அனுப்பும் ஆணைகளைப் பரிமாறிக்கொள்ளும் ஸ்விஃப்ட் இணைப்பு வழியாக, வங்கதேசத்தின் பணம் இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 ஆணைகள் சென்றன. மொத்தத் தொகை 95.1 கோடி டாலர். டாக்காவில் விழித்துப் பார்ப்பதற்குள் நியூயார்க்குக்குச் சனி, ஞாயிறு வந்துவிடும். பணம் போய்ச்சேரும் மணிலாவிலோ திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று ஊர்களின் விடுமுறைகளை ஒன்றோடொன்று கோத்து ஏறத்தாழ ஐந்து நாள் அவகாசத்தை உருவாக்கியிருந்தார்கள். இதைத் திட்டமிட்டவர் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் மூன்று நாட்டு நாள்காட்டிகளும் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வெள்ளிக்கிழமை காலை, ஸ்விஃப்ட் செய்திகளைத் தாளில் எடுக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர் பழுதாவது எந்த அலுவலகத்தில் புதிது? எங்கள் கிளையில் மாதத்துக்கு இரண்டு முறை நடக்கும். விடுமுறையிலும் பணியில் இருந்தவர்கள் அப்படித்தான் எண்ணினார்கள். அது ஊடுருவியவர்கள் செய்த வேலை. ஸ்டோலின் கதையில் பிரிண்டர்தான் திருடனைக் காட்டியது. இங்கே பிரிண்டரை ஊமையாக்கியதால்தான் திருடர்கள் தப்பினார்கள். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது இந்த ஒற்றுமையில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

பணத்தில் 8.1 கோடி டாலர் மணிலாவில் ஒரு வங்கிக் கிளையில் இருந்த கணக்குகளுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. அந்தக் கணக்குகள் முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே ஆளுக்கு 500 டாலர் போட்டுத் திறக்கப்பட்டு, ஒரு வரவுசெலவும் இல்லாமல் காத்திருந்தன. தணிக்கையாளன் என்ற முறையில் என்னை உறங்கவிடாத விவரம் இதுதான். ஒன்பது மாதம் அசையாமல் கிடக்கும் கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

அந்தக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். அதே பெயரில், அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்த ஈரானியக் கப்பல் ஒன்று இருந்தது. பெயர் பொருந்தியதால் நியூயார்க்கின் தானியங்கிச் சோதனை எச்சரித்தது. மீதி ஆணைகளில் பெரும்பாலானவை அதனால் நிறுத்திவைக்கப்பட்டன. தெருப் பெயரால் பல கோடி டாலர் தப்பியது. ஒரு புனைகதையில் இதை எழுதினால், வசதிக்காகச் செருகிய தற்செயல் என்று நீங்களே ஏற்க மறுப்பீர்கள். உண்மையில் நடந்தது என்பதால் மட்டுமே அதை ஏற்கிறோம், ஏற்றுக்கொண்டு வியக்கிறோம். பனையோலை அவர்களே, விடாப்பிடியைவிட இந்தத் தற்செயலுக்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன்.

யாழ்வாசகன் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, எங்கள் நாட்டுப் பகுதியை விட்டுவிட்டீர்கள். அந்த 35 ஆணைகளில் ஒன்று இலங்கைக்கு வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு 2 கோடி டாலர். ஆணையில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை ‘ஃபேண்டேஷன்’ என்று பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த ஜெர்மானிய வங்கியில் ஒருவர் அதைக் கவனித்து விளக்கம் கேட்டார். கொழும்பிலும், இலங்கைக்கு இவ்வளவு பெரிய தொகை வருவது வழக்கமல்லவே என்று வங்கியில் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பணம் திரும்பிப் போயிற்று.

இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. தெருவின் பெயர் பொருந்தியது தற்செயல்; எழுத்துப்பிழையைக் கண்ணால் பார்த்து, கையொப்பமிட்டு அனுப்பாமல் நிறுத்தியது ஒரு மனிதரின் செயல். மேசைக்கு வந்த நூற்றுக்கணக்கான தாள்களுள் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாசித்த அந்த ஊழியரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. பனையோலை ஐயா சொன்ன 75 சென்ட்டுக்கு அருகில் வைக்க வேண்டியது அந்த எழுத்துப்பிழையைத்தான்.

மருதம் எழுதியது:

நான்கு பதிவுகளையும் கவனமாக வாசித்தேன். எழுதியவர்கள் எல்லோரும் பண்போடும் அறிவோடும் எழுதியிருக்கிறீர்கள். இருந்தும் என் மறுப்பைச் சொல்லியாக வேண்டும். துப்பு, கதவு, நாள்காட்டி, தற்செயல் என்று கதையின் பொறிகளைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் கதைகளில் உள்ள மனிதர்களுக்கு என்ன ஆனது என்று எவரும் கேட்கவில்லை.

ஸ்டோலின் தேடல் ஜெர்மனியின் ஹானோவரில் மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. அமெரிக்கக் கணினிகளிலிருந்து எடுத்ததைச் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்ற குழுவில் அவர் ஒருவர். 1990இல் அவருக்குக் கிடைத்த இருபது மாதத் தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. அதே வட்டத்தில் கார்ல் கோக் என்ற இளைஞரும் இருந்தார். பெற்றோரை இழந்தவர், போதைப்பொருளில் சிக்கியவர், மனநலம் குலைந்தவர். அதிகாரிகளிடம் தாமாகவே சென்று நடந்ததைச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1989 மே மாதத்தில் காணாமற்போனார். ஹானோவருக்கு வெளியே ஒரு காட்டில் எரிந்த நிலையில் அவருடைய உடல் கிடைத்தது. வயது 23. தேடும் கதையின் விறுவிறுப்பில் நாம் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்போது, மறுமுனையில் இருந்தது அவரைப்போன்ற பிள்ளைகள்தாம். பெர்க்லியின் பிரிண்டர் தாளில் அவர்களுடைய கட்டளைகள் இருந்தன. அவர்களுடைய வீடு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வாசகரின் ஆவலே ஒரு மனிதருக்குத் தீங்காக முடிவதுண்டு. கெவின் மிட்னிக் என்ற அமெரிக்க ஹேக்கர் தலைமறைவாக இருந்தபோது, 1994 ஜூலை 4 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அவரைப் பற்றிய கட்டுரை வந்தது. சிறுவயதில் அமெரிக்க வான்பாதுகாப்புத் தலைமையகத்தின் கணினிக்குள்ளேயே நுழைந்தவர் என்ற கதை அவரைச் சுற்றிப் பரவியது; அவர் அதை மறுத்தார், அப்படியொரு குற்றச்சாட்டு அவர்மீது நீதிமன்றத்தில் வைக்கப்படவும் இல்லை. 1995 பிப்ரவரியில் ராலே நகரில் பிடிபட்டார். தொலைபேசியில் சீழ்க்கையடித்தே அணு ஆயுதங்களை ஏவிவிடுவார் என்று நீதிபதியிடம் சொல்லப்பட்டதால்தான், பல மாதங்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டதாக அவர் பிற்காலத்தில் கூறினார். 2000 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அந்தக் கட்டுரையை எழுதிய செய்தியாளரே, மிட்னிக்கைத் துரத்திய சுடோமு ஷிமோமுராவோடு சேர்ந்து பிறகு ஒரு நூலும் எழுதினார்.

மிட்னிக் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. பிறர் கணினிகளில் நுழைந்தார், நிரல்களை எடுத்தார், அது குற்றம். அவருடைய திறமையோ பெரும்பாலும் கணினியில் இருக்கவில்லை, பேச்சில் இருந்தது. அதே நிறுவனத்தின் வேறொரு கிளையிலிருந்து பேசும் களைத்துப்போன ஊழியரைப்போலத் தொலைபேசியில் பேசுவார். மறுமுனையில் இருப்பவர் உதவும் எண்ணத்தில் தகவலைக் கொடுத்துவிடுவார். இவ்வளவு எளிய, இவ்வளவு மனித அளவிலான உண்மை இருக்கும்போது, சீழ்க்கையும் அணு ஆயுதமும் எதற்குத் தேவைப்பட்டன? நமக்காகத்தான், நம்மைப்போன்ற வாசகர்களுக்காகத்தான். கதை போதாது என்று எண்ணியவர்கள் கதையைப் பெரிதாக்கினார்கள். அதன் விலையை ஒருவர் சிறையறையில் கொடுத்தார்.

எனவே என் கேள்வி: ‘உண்மைக் கதை ஏன் ஈர்க்கிறது?’ என்று கேட்கும்போது, அந்த உண்மையை யார் சொல்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

பனையோலை எழுதியது:

மருதம் அம்மா, உங்கள் பதிவை நேற்றிரவு படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. கார்ல் கோக்கைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிந்தும் என் முதல் பதிவில் அவருக்கு ஒரு வரிகூடத் தரவில்லை. அது என் தவறு.

யார் சொல்கிறார் என்ற கேள்விக்கு என்னால் இயன்ற பதில் இது. ஸ்டோல் தன்னைப் பற்றி எழுதும்போது எதையும் பெரிதாக்கவில்லை. நனைந்த காலணிகளை உலர்த்துவதற்காக மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து உருக்கிவிட்டதையும் அந்த நூலில் எழுதுகிறார். கதைக்கு அது தேவையே இல்லை. எஃப்பிஐயிடம் போனபோது, இழப்பு வெறும் 75 சென்ட் என்றதும் அவர்கள் ஆர்வம் காட்டவில்லை என்று எழுதுகிறார். ஊடுருவியவர் ஆபத்தான கோப்பு ஒன்றை நகலெடுக்க முயன்றபோது, தன் சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளின்மேல் உரசித் தொலைபேசியில் இரைச்சல் கிளம்பியதுபோலத் தோன்றச் செய்து, கோப்பைக் கெடுத்ததை எழுதுகிறார். சாவிக்கொத்தால் உளவாளியைத் தடுத்தேன் என்று பெருமையடித்திருக்கலாம். அவர் பதற்றத்தோடு, கைக்குக் கிடைத்ததை எடுத்தேன் என்கிற தொனியில் சொல்கிறார். ஊடுருவியவரை நீண்டநேரம் இணைப்பில் வைத்திருக்க வேண்டுமென்று, விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் பற்றிய பொய்க்கோப்புகளைத் தூண்டிலாக இட்டார் அல்லவா? அந்த யோசனை தன்னுடையதன்று, தன் துணைவி சொன்னது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். பிறருக்கு உரியதைப் பிறருக்கே கொடுக்கும் எழுத்தை என்னால் நம்ப முடிகிறது.

ஆனால் நீங்கள் சொன்னதுபோல, அவருடைய பார்வை பெர்க்லியில் இருந்தது. ஹானோவர் அறையில் இருந்து ஒருவர் எழுதியிருந்தால் அது வேறு நூல். தேடுபவர், தேடப்படுபவர் என்ற இரண்டு இடங்களையும் ஒருவரே ஏற்ற நிகழ்வு ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவி பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் கணினிகளையும் முடக்கியபோது, 22 வயது மார்க்கஸ் ஹட்சின்ஸ் அந்த நிரலுக்குள் பதிவுசெய்யப்படாத ஓர் இணைய முகவரி இருப்பதைக் கண்டு, 10.69 டாலர் செலவில் அதைத் தன் பெயரில் பதிவுசெய்தார். பரவல் நின்றது. மூன்று மாதத்தில், பதின்ம வயதில் வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரலை எழுதிய குற்றத்துக்காக அமெரிக்காவில் கைதுசெய்யப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019இல் நீதிபதி, அதுவரை காவலில் இருந்த காலமே தண்டனையாகப் போதும் என்று விடுவித்தார். காப்பாற்றியவர் என்று அவரைச் சொல்வதா, குற்றவாளி என்பதா? இரண்டும் உண்மை. புனைகதையாளர் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். நடந்ததை எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. அந்த உரிமை இல்லாமையே இத்தகைய எழுத்துக்கு வலிமை தருகிறது என்று இப்போது தோன்றுகிறது; என் முதல் பதிவில் நான் சொன்னதை இவ்வளவு தூரம் திருத்திக்கொள்கிறேன்.

மருதம் எழுதியது:

நன்றி ஐயா. ஒரு சிறு சேர்க்கை மட்டும். எக்ஸ்இசட் நிகழ்வில் அரை விநாடியைக் கண்டவரைப் போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். அந்த நிரலைப் பல ஆண்டுகளாக ஊதியமின்றித் தனியாளாகப் பேணிவந்தவரையும் நினைக்க வேண்டும். 2022இல் தன் மனநலச் சிக்கல்களைப் பற்றியும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதைப் பற்றியும் அவர் பொதுமடலிலேயே எழுதினார். அதே மடல்களில் முன்பின் அறியாத பெயர்கள் சில, வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அவரை நெருக்கின. அந்த வேறொருவர்தாம் ஜியா டான். நுழைவதற்கு அவர்கள் தேடிய பலவீனம் நிரலில் இல்லை. ஒரு மனிதரின் களைப்பில் இருந்தது. மடல்கள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. வரிசையாகப் படித்துப் பாருங்கள். பூட்டையோ சாவியையோ பற்றி ஒரு சொல்கூட இல்லாத அந்த மடல்களைப்போல மனத்தை அழுத்தும் ஹேக்கர் கதையை நான் படித்ததில்லை.

நள்ளிரவுப்பணி எழுதியது:

மருதம் அம்மா சொன்ன பிறகு அந்த மடல்களை இன்று பணிநேரத்தின் இடைவேளையில் படித்தேன். நிரலைப் பேணியவர் நெருக்கடி மடல்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார். எங்களுடைய சர்வர்கள் எல்லாவற்றிலும் அவருடைய நிரல் இருக்கிறது. அந்த நிகழ்வுக்கு முன் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது.

முதல் பதிவில் நான் குறிப்பிட்ட பதிவேட்டு வரியைப் பற்றி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார், அதை இப்போது சரிபார்க்க முடியுமா என்று. முடியாது. அந்தச் சர்வர் கழற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பதிவேடுகளைத் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை அழிப்பது அங்கே வழக்கம். தானியங்கி வேலையாகவே இருந்திருக்கலாம். நான் விட்டுவிட்டதால் அது எந்தக் கதையாகவும் ஆகவில்லை. வரியில் இருந்த நேரம் மட்டும் நினைவிருக்கிறது: அதிகாலை 3 மணி 12 நிமிடம்.